நூல் வாங்கப் போகுமுன் ஒரு கொப்பி எடுப்போம்

கைவேலைப் பக்கம்



சுயதொழில் என்று பேச்சு எடுத்தால் எங்கள் பகுதிகளில் முதலில் நினைவுக்கு வருவது தையலும் பின்னலும்தான். மாதர் சங்கங்களிலும், முகாம்களிலும், மீள்குடியேறிய கிராமங்களின் பொதுநோக்கு மண்டபங்களிலும் எத்தனையோ பின்னல் வகுப்புகள் நடந்து முடிந்திருக்கின்றன. வகுப்பு முடிவில் ஒரு சான்றிதழ், இரண்டு சோடி ஊசி, ஒரு பை நூல். அந்தப் பை நூல் தீரும்வரை கைகள் ஓயாமல் ஓடும். தீர்ந்த பின்னர்?

அடுத்த பை நூலை எங்கே வாங்குவது, எவ்வளவு வாங்குவது, எந்த நூல் எதற்கு ஏற்றது, போட்ட காசு எப்போது திரும்பி வரும் என்ற கேள்விகளுக்கு விடை தெரியாமலே பல சகோதரிகள் பின்னலைக் கைவிட்டு விடுகிறார்கள். வேறு சிலரோ கடையில் கண்ட அழகான நிறங்களையெல்லாம் இரண்டு பந்து, மூன்று பந்தாக வாங்கி வந்து கட்டிலுக்குக் கீழே பெட்டியில் வைத்திருக்கிறார்கள். மூன்று பந்தில் ஒரு பிள்ளைக்குச் சுவெற்றர் வராது. மிச்சத்துக்குப் போனால் அந்த நிறம் கடையில் இல்லை. பெட்டிக்குள் இருப்பது நூல் அல்ல, உறங்கிக் கிடக்கும் எங்கள் காசு.

ஆகவே இம்மாதம் புதிய பின்னல் மாதிரி எதையும் தராமல், பின்னலுக்கு முன்னர் செய்யவேண்டிய வேலையைப் பற்றிப் பேசுவோம். அது திட்டமிடுதல். முதலில் என்ன பின்னப் போகிறோம் என்பதைத் தீர்மானித்து, அதன் பின்னரே நூல் வாங்க வேண்டும்.

கொப்பியின் முதற் பக்கம்

பிள்ளைகள் பாதி எழுதிவிட்டுப் போட்ட ஒரு கொப்பி போதும். அதில் ஐந்து கேள்விகளை எழுதுங்கள். என்ன பின்னப் போகிறேன்? யாருக்காக? எப்போது முடிய வேண்டும்? எவ்வளவு நூல் வேண்டும்? எவ்வளவு காசு வேண்டும்?

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. "யாராவது வாங்குவார்கள்" என்பது விடை ஆகாது. "பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்குத் தை மாதம் பிள்ளை பிறக்கப் போகிறது", "சந்தையில் உள்ள பான்சிக் கடைக்காரர் பத்துத் தொப்பி கேட்டிருக்கிறார்", "என் மகளுக்கு" என்று ஆளைக் குறித்து எழுதுங்கள். ஆளைக் குறிக்க முடியாத பொருளுக்கு நூல் வாங்குவதை ஒத்திவைப்பது நல்லது.

அடுத்த பக்கத்தில், வீட்டில் ஏற்கனவே இருக்கும் நூல் அனைத்தையும் எழுதுங்கள். நிறம், தடிப்பு, எத்தனை கிராம் என்ற விபரம் வேண்டும். வீட்டில் தராசு இல்லையென்றால், அரிசி நிறுக்கும் கடையில் எலெக்ரோனிக் தராசு இருக்கும். ஒரு பையில் போட்டு நிறுத்துத் தரும்படி கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள். ஒரு பிறந்த குழந்தையின் தொப்பிக்கு நடுத்தரத் தடிப்புள்ள நூல் ஏறக்குறைய 20 தொடக்கம் 25 கிராம் போதும். காலுறை ஒரு சோடிக்கு 15 தொடக்கம் 20 கிராம் போகும். உதவாது என்று ஒதுக்கிய மிச்ச நூலில் எத்தனை தொப்பி இருக்கிறது என்பதைத் தராசு சொல்லிவிடும்.

எங்கள் வெயிலுக்கு எந்த நூல்?

பின்னல் புத்தகங்கள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே சொல்லப்படும் தடித்த கம்பளி நூல் நுவரெலியாவிலும் ஹற்றனிலும் இருக்கும் சகோதரிகளுக்குப் பொருந்தும். கிளிநொச்சியிலும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் பங்குனி வெயிலில் அதை யார் போடுவது? எனவே நூலைத் தெரிவு செய்யும்போது எங்கள் காலநிலையை முதலில் நினைக்க வேண்டும்.

கடையில் 'ஊல்' என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் அக்கிரிலிக் நூலாகவே இருக்கும். இது செயற்கை இழை. விலை குறைவு, நிறங்கள் அதிகம், தோய்த்தால் சுருங்காது. ஆனால் வியர்வையை உறிஞ்சாது. சூடான ஸ்திரிக்கைப் பெட்டி பட்டால் உருகித் தட்டையாகிவிடும். மண்ணெண்ணெய் விளக்குக்கும் அடுப்புக்கும் அருகில் வைக்கக் கூடாது. மார்கழி வாடைக்கு ஒரு தொப்பி, சிறு போர்வை, பை, விளையாட்டுப் பொம்மை ஆகியவற்றுக்கு இது போதுமானது.

பருத்தி நூல் வியர்வையை உறிஞ்சும், தோலை உறுத்தாது. குழந்தைகளின் உடைக்கும் மேசை விரிப்புக்கும் இதுவே சிறந்தது. ஆனால் பாரம் அதிகம், இழுபடும் தன்மை குறைவு. பளபளப்பாக இருக்கும் மெல்லிய பருத்தி நூலை 'மெர்சரைஸ்ட்' என்பார்கள். 1844இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோன் மெர்சர் கண்டறிந்த முறையில், பருத்தியைக் காரக் கரைசலில் பதப்படுத்துவதால் இந்தப் பளபளப்பும் உறுதியும் கிடைக்கின்றன. தேவாலயப் பீட விரிப்பு, கதிரைத் துணி, மேசை வட்டம் ஆகியவற்றுக்கு இதைத் தேடுங்கள். இவ்வகை நூலில் இலக்கம் கூடக் கூட நூல் மெல்லியதாகும். 10ஆம் இலக்கத்தை விட 20 மெல்லியது, அதைவிட 40 இன்னும் மெல்லியது.

உண்மையான ஆட்டுக் கம்பளி நூல் சூடு தரும், ஆனால் சுடுநீரில் போட்டுத் தேய்த்தால் சுருங்கி இறுகிவிடும். வாங்குபவருக்கு இதைச் சொல்லி விற்க வேண்டும்.

லேபல் இல்லாத நூல் கையில் இருந்தால் ஒரு சிறு சோதனை செய்யலாம். விரல் நீளத் துண்டொன்றை வெட்டி, குறட்டினால் பிடித்து, தண்ணீர்ச் சட்டிக்கு மேலே நெருப்புக் காட்டுங்கள். பருத்தி கடதாசி எரியும் மணத்துடன் எரிந்து மென்மையான சாம்பலாகும். கம்பளி, மயிர் கருகும் மணத்தைத் தரும். அக்கிரிலிக் உருகிக் கடினமான கறுப்பு மணியாக உறையும். சிறு பிள்ளைகள் அருகில் இல்லாதபோது செய்யுங்கள்.

லேபலை வாசிப்போம்

நூற்பந்தைச் சுற்றியிருக்கும் கடதாசியைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். அதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலாவது, நிறையும் நீளமும். விலையை ஒப்பிடும்போது நிறையை மட்டும் பார்ப்பது போதாது. நடுத்தரத் தடிப்புள்ள 50 கிராம் அக்கிரிலிக் நூல் ஏறக்குறைய 140 மீற்றர் வரும். அதே தடிப்புள்ள பருத்தி நூல் 50 கிராமில் ஏறக்குறைய 100 தொடக்கம் 110 மீற்றர்தான் வரும். பின்னும்போது செலவாவது நீளம். ஆகவே அக்கிரிலிக்கில் மூன்று பந்து கேட்கும் உடுப்புக்குப் பருத்தியில் நாலு பந்து வேண்டிவரும்.

இரண்டாவது, தடிப்பு. 2 பிளை, 3 பிளை, 4 பிளை, டபிள் நிற்றிங் என்று ஏறிக்கொண்டு போகும். டபிள் நிற்றிங் நூலுக்குப் பெரும்பாலும் 4 மில்லிமீற்றர் ஊசி பொருந்தும்.

மூன்றாவது, ஊசியின் இலக்கம். எங்களிடம் அம்மா, பெரியம்மா காலத்துப் பழைய ஊசிகள் இருக்கும். அவற்றில் உள்ளது பழைய ஆங்கில இலக்கம். அதில் இலக்கம் கூடினால் ஊசி மெல்லியதாகும். 8ஆம் இலக்கம் 4 மில்லிமீற்றர். 10ஆம் இலக்கம் 3.25 மில்லிமீற்றர். 11ஆம் இலக்கம் 3 மில்லிமீற்றர். 12ஆம் இலக்கம் 2.75 மில்லிமீற்றர். இந்த வரிகளைக் கொப்பியின் பின் மட்டையில் எழுதி வையுங்கள்.

நான்காவது, லொட் நம்பர். நூலைத் தொகுதி தொகுதியாகத்தான் சாயத்தில் தோய்ப்பார்கள். ஒரே மஞ்சள் என்றாலும் இன்றைய தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் சிறு வித்தியாசம் இருக்கும். பந்தாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. பின்னி முடித்து வெயிலில் பிடித்தால் சுவெற்றரின் நடுவில் கோடு போட்டது போலத் தெரியும். எனவே ஓர் உடுப்புக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே லொட்டில், ஒரே நாளில் வாங்க வேண்டும். முழுவதையும் வாங்கக் காசு போதாதென்றால் சிறிய பொருளைத் திட்டமிடுங்கள், பெரிய பொருளைப் பாதியில் தொடங்காதீர்கள்.

வேறு லொட் நூல்தான் கிடைத்தது என்றால் அதற்கும் வழி உண்டு. கழுத்துப் பட்டிக்கும் கைப் பட்டிக்கும் மட்டும் அதைப் பாவிக்கலாம். அல்லது இரண்டு வரிசை பழைய பந்திலும் இரண்டு வரிசை புதிய பந்திலுமாக மாறி மாறிப் பின்னினால் வித்தியாசம் கரைந்துவிடும்.

ஒரு சிறு துண்டு, ஒரு சிறு கணக்கு

பத்துத் தொப்பிக்கு ஓர்டர் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பத்துக்கும் நூல் வாங்குமுன் ஒரே ஒரு பந்து வாங்கி, 10 சென்ரிமீற்றருக்குச் சற்றுப் பெரிதாக ஒரு சதுரத் துண்டு பின்னிப் பாருங்கள். தோய்த்துக் காயவிட்டு, நடுவில் 10 சென்ரிமீற்றரில் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். 22 கண்ணி வருகிறது என்றால், 1 சென்ரிமீற்றருக்கு 2.2 கண்ணி.

பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சராசரியாக 35 சென்ரிமீற்றர். தொப்பி சற்று இறுக்கமாகப் பிடிக்க வேண்டும் என்பதால் 33 சென்ரிமீற்றருக்குக் கணக்கிடுவோம். 33ஐ 2.2ஆல் பெருக்கினால் 72.6. ஆகவே 72 கண்ணி போடலாம். 72ஐ ஆறாலும் எட்டாலும் ஒன்பதாலும் பிரிக்கலாம் என்பதால் உச்சியில் கண்ணி குறைப்பதும் இலகு. மூன்று மாதக் குழந்தைக்குத் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 40, ஆறு மாதத்தில் 43, ஒரு வயதில் 46 சென்ரிமீற்றர் இருக்கும். இதே கணக்கை வைத்து எல்லா அளவும் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

முதலாவது தொப்பியை முடித்ததும் நிறுத்துப் பாருங்கள். 24 கிராம் என்றால் பத்துக்கு 240 கிராம். பிழைபட்டு அவிழ்ப்பதற்கும் பொம்மல் கட்டுவதற்கும் ஒரு 20 கிராம் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது கடைக்குப் போகும்போது உங்களுக்கு வேண்டியது 'கொஞ்ச நூல்' அல்ல. 50 கிராம் பந்து ஆறு. ஒன்று ஏற்கனவே கையில் இருப்பதால் அதே லொட்டில் இன்னும் ஐந்து.

கடை வாசலில்

யாழ்ப்பாணம் நவீன சந்தையாக இருந்தாலும், வவுனியாவாக இருந்தாலும், கொழும்பு புறக்கோட்டையாக இருந்தாலும் சில பழக்கங்களைக் கடைப்பிடிக்க வேண்டும். கொப்பியைக் கொண்டு போங்கள். சிறு நூல் துண்டை மாதிரிக்கு எடுத்துப் போங்கள். நிறத்தைக் கடையின் மின்வெளிச்சத்தில் தீர்மானிக்காதீர்கள், வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வட்ஸ்அப்பில் வரும் படத்தை வைத்து நிறம் தீர்மானிப்பதும் ஆபத்து. தொலைபேசித் திரையில் தெரியும் நீலமும் கையில் வரும் நீலமும் ஒன்றாக இருப்பதில்லை.

கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். இப்படிக் கேட்கலாம்:

"அண்ணை, இந்த மஞ்சளிலை இதே லொட் நம்பர் இன்னும் அஞ்சு பந்து இருக்கே?"

"எல்லாம் ஒரே மஞ்சள்தானே தங்கச்சி, எதையெண்டாலும் எடுங்கோ."

"இல்லை அண்ணை, நம்பர் மாறினால் பின்னின பிறகு கோடு தெரியும். ஒருக்காப் பெட்டிக்குள்ளை பாருங்கோ. பிரிக்காத பந்து மிஞ்சினால் திருப்பி எடுப்பியளே?"

இரண்டு தடவை இப்படிக் கேட்டு வாங்கினால், மூன்றாம் தடவை கடைக்காரரே நம்பரைப் பார்த்து எடுத்துத் தருவார். பில்லை வாங்கிக் கொப்பியில் ஒட்டிவிடுங்கள்.

நூல் பந்தாக இல்லாமல் கழியாக இருந்தால் அப்படியே பின்னத் தொடங்க வேண்டாம், சிக்குப்பட்டுவிடும். கதிரையின் முதுகில் மாட்டி அல்லது மகளின் இரண்டு கைகளிலும் போட்டு முதலில் பந்தாகச் சுற்றுங்கள். இறுக்கிச் சுற்றினால் நூல் இழுபட்டுவிடும், இரண்டு விரலை உள்ளே வைத்துத் தளர்வாகச் சுற்ற வேண்டும். வாங்கிய நூலை மூடியுள்ள தகரத்தில் காய்ந்த வேப்பிலை போட்டு வையுங்கள். மாரியில் வெள்ளம் ஏறும் வீடுகளில் அந்தத் தகரம் உயரத்தில் இருக்கட்டும்.

ஆண்டு முழுவதற்குமான திட்டம்

நாட்காட்டியைப் பார்த்துப் பின்னோக்கிக் கணக்கிடப் பழகுவோம். நத்தாருக்குப் பீட விரிப்பு வேண்டுமென்றால் அது கார்த்திகை முடிவில் கையில் இருக்க வேண்டும். மாலையில் இரண்டு மணித்தியாலம் பின்னுபவர் ஆவணியிலேயே நூல் வாங்கிவிட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை தொடங்கி மார்கழி, தையில் வாடை வீசும். குழந்தைத் தொப்பியும் காலுறையும் விலைப்படும் காலம் அது. ஆகவே புரட்டாதியில் அவற்றைப் பின்னித் தயாராக இருக்க வேண்டும். தை மாதம் பாடசாலை தொடங்கும்போது பென்சில் பை, தண்ணீர்ப் போத்தல் பை. சித்திரையில் நுவரெலியாவுக்குச் சுற்றுலாப் பயணிகள் கூடும் காலம், மலையகச் சகோதரிகள் மாசியில் தொடங்கலாம். ஆவணியில் மடுத் திருவிழா, ஆடி ஆவணியில் நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்கள். அப்போது சிறு கைப்பைகளும் சாவிக் கோர்வைகளும் விலைப்படும். முஸ்லிம் சகோதரிகள் நோன்பு காலத்துக்குக் குறோசேத் தொப்பி பின்னலாம். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் நோன்பு பத்து, பதினொரு நாட்கள் முன்கூட்டியே வருவதை மறக்கக் கூடாது.

குழந்தைப் பொருட்கள் பற்றி ஒரு குறிப்பு. கழுத்தில் கட்டும் நாடா, கழன்று விழக்கூடிய பொத்தான், மயிர் கொட்டும் நூல் ஆகியவற்றைத் தவிருங்கள். எங்கள் வெக்கையில் குழந்தையை உறங்க வைக்கும்போது தொப்பியைக் கழற்றிவிடும்படி வாங்கும் தாய்க்கும் சொல்லுங்கள்.

உங்கள் நேரத்துக்கும் விலை உண்டு

2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது இறக்குமதியாகும் நூலின் விலையும் ஏறியது. பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு விற்றால் நட்டம்தான். எனவே ஒவ்வொரு பொருளுக்கும் கணக்குப் போட வேண்டும். கீழே உள்ள தொகைகள் உதாரணத்துக்கு மட்டுமே, உங்கள் கடையின் விலையைப் போட்டுப் பாருங்கள்.

100 கிராம் நூல் 600 ரூபா என்று வைப்போம். தொப்பி, காலுறை சேர்ந்த ஒரு செற்றுக்கு 50 கிராம், அதாவது 300 ரூபா. ரிபன் 30. பொதிசெய்யும் பை 20. கடைக்குப் போய்வந்த பஸ் காசு 300ஐப் பத்துச் செற்றுக்குப் பிரித்தால் 30. மொத்தம் 380 ரூபா. பின்னுவதற்கு 5 மணித்தியாலம். உங்கள் ஒரு மணித்தியாலத்துக்கு 150 ரூபா என்று வைத்தால் 750. ஆக அந்தச் செற்றின் பெறுமதி 1,130 ரூபா.

கடைக்காரர் 700 ரூபாதான் தருவேன் என்கிறார். 380ஐக் கழித்தால் மிஞ்சுவது 320. ஐந்து மணித்தியாலத்துக்குப் பிரித்தால் மணிக்கு 64 ரூபா. இதை ஏற்பதா இல்லையா என்பது உங்கள் முடிவு. அடுப்பில் உலை வைக்க வேண்டிய நாளில் 320 ரூபாவும் பெரிதுதான். ஆனால் கணக்குத் தெரிந்து சம்மதிப்பது வேறு, தெரியாமல் இழப்பது வேறு. பூ வேலையைக் குறைத்து மூன்று மணித்தியாலத்தில் முடியக்கூடிய எளிய மாதிரிக்கு மாறலாம். கடைக்குக் கொடுக்காமல் மகப்பேற்றுக்குக் காத்திருக்கும் தாய்மாருக்கு நேரடியாக விற்கலாம்.

யந்திரத்தில் பின்னிய தொப்பி எங்களுடையதை விட மலிவாகக் கிடைக்கும். விலையில் அதனுடன் போட்டிபோட முடியாது. கேட்ட அளவில், கேட்ட நிறத்தில் செய்து கொடுப்பதுதான் எங்கள் பலம். குறோசே செய்பவர்களுக்கு இன்னுமொரு பலம் உண்டு. உண்மையான குறோசேயைப் பின்னித்தள்ளும் யந்திரம் சந்தையில் இல்லை. குறோசே என்றால் அது கையால் செய்தது என்று துணிந்து சொல்லி விற்கலாம்.

நூல் வாங்குவதற்காக வட்டிக்குக் கடன் எடுப்பதை இயன்றவரை தவிருங்கள். கிழமைக் கடன் கட்டணம் வாசலுக்கு வரும், தொப்பிக் காசு அதே கிழமையில் வரும் என்று சொல்ல முடியாது. நுண்கடனில் எங்கள் பெண்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டமொன்றை அரசாங்கமே கொண்டுவர வேண்டியதாயிற்று. ஓர்டர் தருபவரிடம் நூலுக்கான காசை முற்பணமாகக் கேட்பது பிழையல்ல, தையற்காரர் துணி கேட்பதில்லையா? முதல் செற்றை விற்ற காசில் நூலுக்கும் மற்றச் செலவுகளுக்கும் உரிய 380ஐ வேறாக ஒரு பேணியில் போடுங்கள். அந்தப் பேணியைச் சோற்றுக்கு எடுக்காமல் காப்பது கஷ்டம்தான், ஆனால் அதுவே உங்கள் அடுத்த பை நூல்.

சேர்ந்து வாங்குவோம்

அயர்லாந்தில் 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து பெரும் பஞ்சம் ஏற்பட்டது. அதில் ஏறக்குறைய பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அந்தப் பஞ்சத்தின் நடுவில், 1847இல் குளோன்ஸ் என்னும் ஊரின் தேவாலயக் குருவானவரின் மனைவி கசாந்திரா ஹான்ட், ஏழைப் பெண்களுக்குக் குறோசே கற்பிக்க ஏற்பாடு செய்தார். அவர்கள் வேலையைப் பங்கிட்டார்கள். ஒருத்தி ரோசாப் பூ மட்டும் பின்னுவாள், இன்னொருத்தி இலை, மற்றொருத்தி அவற்றையெல்லாம் வலைப்பின்னலால் இணைப்பாள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ததால் வேகமும் நேர்த்தியும் கூடின. அந்த வருமானத்தில் பல குடும்பங்கள் பிழைத்தன. குளோன்ஸ் பின்னல் என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

எங்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் பொஸ்னியா. 1992 தொடக்கம் 1995 வரை நடந்த போரில் வீட்டையும் உறவுகளையும் இழந்து துஸ்லா நகருக்கு வந்த பெண்களின் மன ஆறுதலுக்காக 1995இல் அங்கு பின்னல் வேலை தொடங்கப்பட்டது. அது பின்னர் 'பொஸ்னியன் ஹண்டிகிராப்ட்ஸ்' என்ற பெயரில் வெளிநாடுகளுக்கும் பின்னல் ஆடைகளை விற்கும் நிறுவனமாக வளர்ந்தது.

ஐந்து பேர் சேர்ந்தால் நாங்களும் செய்யலாம். ஐந்து கொப்பியையும் வைத்து ஒரே பட்டியல் எழுதி, ஒருவர் மட்டும் நகரத்துக்குப் போய் முழுப் பொதியாக வாங்கினால் லொட் நம்பரும் ஒன்றாகும், பஸ் காசும் மிச்சமாகும், விலை பேசவும் முடியும். யார் எவ்வளவு காசு போட்டார், யார் எத்தனை பந்து எடுத்தார் என்பதை எல்லோர் முன்னிலையிலும் எழுதிக் கையெழுத்து வைத்துக்கொள்ளுங்கள். உறவு கெடாமல் இருப்பதற்கு எழுத்துத்தான் காவல்.

வருகிற மார்கழிக்கு

இடப்பெயர்வுக் காலத்தில் எங்களில் யாரும் அடுத்த மாதத்தைப் பற்றித் திட்டமிட்டதில்லை. இரவு எங்கே படுப்பது, நாளைக்குப் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்பதோடு யோசனை நின்றுவிடும். 2009க்குப் பின்னரும் அந்தப் பழக்கம் பலரை விட்டுப் போகவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவருக்காகக் காத்திருக்கும் ஒரு மனைவிக்கு, ஒரு தாய்க்கு, வருங்காலத்தைப் பற்றி எழுது என்று சொல்வது இலகுவான பேச்சல்ல. அவர் வராமல் நான் எப்படித் திட்டம் போடுவது என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் புத்திமதி சொல்ல இந்தப் பக்கத்துக்கு உரிமை இல்லை.

ஆனால் ஒரு தொப்பியைத் திட்டமிடுவது வாழ்க்கை முழுவதையும் திட்டமிடுவது அல்ல. அது மூன்று கிழமைக்கான திட்டம். மறப்பதற்காகவும் அல்ல, காத்திருக்கும் கைகளுக்கு ஒரு வேலையாக இருக்கட்டும். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், பல நாடுகளைச் சேர்ந்த பின்னல் பின்னும் 3,545 பேரிடம் கேட்டபோது, அடிக்கடி பின்னுபவர்களிடம் மன அமைதி கூடுதலாகக் காணப்பட்டது. பின்னல் மருந்து அல்ல. நித்திரையின்மையும் மனப்பாரமும் தாங்க முடியாமல் போனால் அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் தொலைபேசி எடுக்கலாம்.

இம்மாதத்துக்கான வேலை இதுதான். பெட்டியில் உள்ள நூலை வெளியே எடுத்து, நிறுத்து, எழுதுங்கள். அதில் ஒரு பொருளுக்குப் போதுமான நூல் இருந்தால் அதை முதலில் முடியுங்கள். அதன் பின் வருகிற மார்கழிக்கு என்ன பின்னப் போகிறீர்கள், யாருக்காக என்று ஒரு வரி எழுதுங்கள். அந்தப் பக்கத்தை எமக்கும் எழுதி அனுப்பினால், உங்கள் கணக்குகளை மற்றச் சகோதரிகளுக்கும் பயன்படும்படி இப்பகுதியில் சேர்த்துக்கொள்வோம். அடுத்த இதழில் 72 கண்ணித் தொப்பியின் முழுமையான பின்னல் முறையுடன் சந்திப்போம். அதற்குள் ஒரு பந்து மட்டும் வாங்கி, மாதிரித் துண்டைப் பின்னி வையுங்கள்.